பனிக்காலத்தில் வெளியே வரும் துப்பாக்கிகள்.. லைசென்ஸ் இருந்தால் மட்டும் போதுமா? கல்வராயன் மலையும் ஆயுதச் சட்டமும்

மார்கழி பிறந்தால் கல்வராயன் மலையில் பொழுது சாய்ந்ததுமே பனி இறங்கிவிடும். காட்டு ஓரத்தில் மரவள்ளியும் மக்காச்சோளமும் நிற்கும். காட்டுப்பன்றி வராமல் காவல் காக்க, கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆட்கள் கொல்லைக்குப் போவார்கள். அவர்களில் சிலரின் தோளில் நாட்டுத் துப்பாக்கியும் தொங்கும்.

அடுத்த நாள் டிவி ஸ்க்ரோலில் ஓடும் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். 'நாட்டுத் துப்பாக்கி, கரிமருந்து, பால்ரஸ் குண்டுகள் பறிமுதல்.. ஒருவர் கைது'.

இன்னொரு பக்கம், முறைப்படி லைசென்ஸ் வாங்கி ரிவால்வர் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 'லைசென்ஸ் இருக்கு, இடுப்பில் மாட்டிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம்' என்று இவர்களில் பலர் நினைக்கிறார்கள். அதுவும் தப்பு.

வீட்டை விட்டு வெளியே போகும் எந்தத் துப்பாக்கிக்கும் மூன்று விஷயங்கள் வேண்டும்: லைசென்ஸ், உறை, கட்டுப்பாடு. இதில் ஒன்று குறைந்தாலும் சிக்கல்தான். கல்வராயன் மலையில் இரவில் வெளியே வரும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மூன்றுமே கிடையாது. இதனால் யாருக்கு என்ன ஆபத்து, சட்டத்தில் வழி இருக்கிறதா, வீட்டில் பழைய துப்பாக்கி இருந்தால் என்ன செய்வது? விரிவாகப் பார்க்கலாம்.

கல்வராயன் மலை எங்கே இருக்கிறது?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதிதான் கல்வராயன் மலை. கள்ளக்குறிச்சி, சேலம், திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டப் பகுதிகளை ஒட்டி இது பரவிக் கிடக்கிறது. சின்ன கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டாகச் சொல்வார்கள். பெரிய கல்வராயன் பகுதி சுமார் 4,000 அடி உயரம் வரை போகிறது.

விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2019 நவம்பர் 26-ல். இந்த மாவட்டத்தில் கல்வராயன் மலை தனி வட்டம். வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு, இன்னாடு ஆகியவை மலையில் பலரும் அறிந்த ஊர்கள். இங்கே வசிப்பவர்களில் பெரும்பாலானோர் மலையாளி பழங்குடியினர். இவர்களுக்கு விவசாயம்தான் வாழ்வாதாரம். மரவள்ளி, மக்காச்சோளம், நெல், சாமை போன்றவற்றைப் பயிரிடுகிறார்கள்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, இந்த மலையின் மீது மாநிலத்தின் கவனமே திரும்பியது. கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்து, சாலை, மருத்துவம் போன்ற அடிப்படை வசதிகள் குறித்து அரசிடம் கேள்வி எழுப்பியது. நாட்டுத் துப்பாக்கிப் பிரச்சினைக்கும் இந்த அடிப்படை வசதிகளுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அது ஏன் என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

நாட்டுத் துப்பாக்கி என்றால் என்ன?

ரிவால்வரில் தோட்டாக்களைச் சுழலும் உருளைக்குள் போடுவார்கள். நாட்டுத் துப்பாக்கி அப்படி இல்லை. குழாயின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, மேலே பால்ரஸ் குண்டுகளையோ இரும்புத் துண்டுகளையோ போட்டு, குச்சியால் கெட்டிப்பார்கள். பின்பக்கம் சிறிய கேப்பு ஒன்று இருக்கும். விசையை இழுத்தால் சுத்தியல் போன்ற பாகம் கேப்பின் மீது அடிக்கும், தீப்பொறி உள்ளே போகும், மருந்து வெடிக்கும்.

பெரும்பாலும் இவை உரிமம் இல்லாமல் பட்டறைகளில் செய்யப்படுபவை. எந்தப் பரிசோதனையும் கிடையாது. எவ்வளவு மருந்து போட வேண்டும் என்பதெல்லாம் கைக்கணக்குதான். கொஞ்சம் கூடினால் குழாயே வெடித்து, சுடுபவரின் கையையும் கண்ணையும் பறித்துவிடும்.

லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் என்ன தண்டனை?

இந்தியாவில் துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்துவது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம். ஆங்கிலேயர் காலத்து 1878-ம் ஆண்டு சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. 2019 டிசம்பரில் இதில் பெரிய திருத்தம் செய்யப்பட்டு, தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன.

இப்போதைய நிலவரம் இதுதான்:

• லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலோ, எடுத்துச் சென்றாலோ குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. அபராதமும் உண்டு.

• லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி தயாரித்தாலோ, விற்றாலோ குறைந்தது 7 ஆண்டு. ஆயுள் தண்டனை வரை போகலாம். பழுது பார்ப்பதும் இதே பிரிவில்தான் வருகிறது. 'நான் செய்யலைங்க, ரிப்பேர்தான் பண்ணிக் கொடுத்தேன்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

• திருவிழா, கல்யாணம் போன்ற கொண்டாட்டங்களில் மற்றவர்களுக்கு ஆபத்து வரும்படி துப்பாக்கியால் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்கும் இது பொருந்தும்.

• ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். 2019-க்கு முன்பு இந்த எண்ணிக்கை 3 ஆக இருந்தது.

'தாத்தா காலத்துத் துப்பாக்கிங்க, சுட்டே பல வருஷம் ஆச்சு' என்பது இந்த வழக்குகளில் அடிக்கடி கேட்கும் பதில். சட்டம் அதைப் பார்ப்பதில்லை. சுட்டால்தான் குற்றம் என்று இல்லை. உரிமம் இல்லாமல் கையில் இருந்தாலே குற்றம்.

அதே நேரத்தில் ஒரு பாதுகாப்பும் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்கு, மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றத்தில் வழக்கு நடத்த முடியாது என்று ஆயுதச் சட்டத்தின் 39-வது பிரிவு சொல்கிறது. வழக்கில் சிக்குபவர்களின் வக்கீல்கள் முதலில் பார்க்க வேண்டிய விஷயம் இது.

பயிரைக் காக்க துப்பாக்கி லைசென்ஸ் கிடைக்குமா?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. பயிர்ப் பாதுகாப்புக்காக, வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்று ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதாவது, மலையில் ஒளித்து வைக்கப்படும் அதே வகைத் துப்பாக்கியை சட்டப்படி வைத்திருக்க வழி இருக்கிறது. ஆனால் அது உரிமம் பெற்ற இடத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும். பட்டறையில் கள்ளத்தனமாகச் செய்ததை லைசென்ஸ் வாங்கி 'வெள்ளை' ஆக்க முடியாது.

மாவட்டங்களில் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இப்போது விண்ணப்பங்கள் மத்திய உள்துறையின் 'என்டால்-அலிஸ்' இணையதளம் வழியாகப் பதிவாகின்றன. விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். உள்ளூர் காவல் நிலையம் விசாரித்து அறிக்கை தரும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி முடித்த சான்றும் வேண்டும். லைசென்ஸ் கிடைத்தால் 5 ஆண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

வழி இருக்கிறதே தவிர, எளிதான வழி இல்லை. மலைக் கிராமத்தில் இருந்து கீழே இறங்கி, கள்ளக்குறிச்சி போய், ஆவணங்கள் சேர்த்து, விசாரணைக்குக் காத்திருக்க வேண்டும். சிறு விவசாயிக்கு அது எத்தனை நாள் கூலி இழப்பு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

லைசென்ஸ் இருந்தால் பன்றியைச் சுடலாமா?

கூடாது. துப்பாக்கி லைசென்ஸ் வேறு, வேட்டை அனுமதி வேறு.

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டியலில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவது தடை செய்யப்பட்டிருக்கிறது. காட்டுப்பன்றியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பொதுவான குற்றங்களுக்கான அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை உயர்ந்திருக்கிறது.

விலங்கு பாய்ந்து வரும்போது தன் உயிரையோ இன்னொருவர் உயிரையோ காப்பாற்ற நல்லெண்ணத்துடன் அதைக் கொன்றால் குற்றம் ஆகாது என்று அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவு சொல்கிறது. ஆனால் இந்த விலக்கு உயிருக்கு மட்டும்தான். பயிருக்குக் கிடையாது. அந்த நேரத்தில் அவர் வேறொரு வன உயிரினக் குற்றத்தில் ஈடுபட்டிருந்தால் விலக்கும் கிடைக்காது.

அப்படியானால் பயிரை நாசம் செய்யும் பன்றிக்கு என்னதான் தீர்வு? 2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கு ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டரைத் தாண்டி வந்து பயிரை அழித்தால் சுடலாம். ஆனால் சுடுவது வனத்துறையினர் மட்டுமே. விவசாயி சுடக் கூடாது.

கல்வராயன் மலை விவசாயிக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அங்கே பல கொல்லைகள் காட்டை ஒட்டியே இருக்கின்றன. அதனால் அரசின் புதிய நடைமுறையில் சுட அனுமதி உள்ள எல்லைக்குள் அவை வருவதே கடினம். மிஞ்சுவது, பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் நிவாரணம் கேட்டு விண்ணப்பிப்பதும் வேலி போடுவதும்தான்.

பன்றிக்கு வைக்கும் 'அவுட்டுக்காய்' எனப்படும் நாட்டு வெடியும் இதே போல ஆபத்தான குற்றம். அதற்கு வெடிபொருள் சட்டமும் சேர்ந்து பாயும்.

குடகில் மட்டும் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கிறார்களே?

அடிக்கடி வரும் கேள்வி இது. கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் கொடவர் சமூகத்தினருக்கும் ஜம்மா நில உரிமை உள்ளவர்களுக்கும் துப்பாக்கி லைசென்ஸ் பெறுவதிலிருந்து நீண்டகாலமாக விலக்கு உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய இந்த விலக்கை மத்திய அரசு 2019-ல் மேலும் 10 ஆண்டுக்கு, அதாவது 2029 வரை நீட்டித்தது.

அது குடகுக்கு மட்டும் தனி அறிவிக்கையில் கொடுக்கப்பட்ட விலக்கு. கல்வராயன் மலை உட்பட தமிழகத்தின் எந்த மலைப்பகுதிக்கும் அது பொருந்தாது.

லைசென்ஸ் உள்ள ரிவால்வரை வெளியே எப்படி எடுத்துச் செல்ல வேண்டும்?

இனி அடுத்த தரப்பு. எஸ்டேட் உரிமையாளர்கள், தொழிலதிபர்கள், ஓய்வு பெற்ற ராணுவத்தினர் போன்ற சிலர் உரிமத்தோடு ரிவால்வர் வைத்திருப்பதுண்டு. கான்பூர் அரசு ஆலையில் தயாராகும் .32 ரிவால்வர் இதில் பரவலாக அறியப்பட்டது.

2016-ம் ஆண்டு ஆயுத விதிகள் இவர்களுக்குத் தெளிவாகச் சில கட்டுப்பாடுகளை வைக்கின்றன:

• பொது இடத்தில் கைத்துப்பாக்கியை ஹோல்ஸ்டர் எனப்படும் உறையிலோ அது போன்ற பையிலோ வைத்து, உடலோடு சேர்த்து மாட்டியிருக்க வேண்டும்.

• அது முழுவதும் மறைந்திருக்க வேண்டும். பிடி வெளியே தெரிய இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பது சினிமாவில் மட்டும்தான் சரி.

• எடுத்துச் செல்பவரின் முழுக் கட்டுப்பாட்டில் அது இருக்க வேண்டும். பைக் டேங்க் கவரிலோ, காரின் முன் அறையிலோ போட்டுவிட்டு டீ குடிக்கப் போவது கட்டுப்பாடு ஆகாது.

• பொது இடத்தில் துப்பாக்கியை உருவிக் காட்டி மிரட்டுவதும், வானத்தை நோக்கிச் சுடுவதும் தடை. துப்பாக்கியைக் காட்டி ரீல்ஸ் போடுபவர்களும் லைசென்ஸை இழக்க வேண்டி வரலாம்.

• திருவிழா, ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி, கல்லூரி வளாகம் ஆகிய இடங்களுக்குத் தனி அனுமதி இல்லாமல் எடுத்துச் செல்லக் கூடாது. தை மாதத்தில் ஊர் ஊராகத் திருவிழா நடக்கும்போது இது முக்கியம்.

• லைசென்ஸ் எந்த எல்லை வரை செல்லும் என்பது அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லும் லைசென்ஸோடு பெங்களூருக்கு ரிவால்வரை எடுத்துப் போனால், ஓசூர் தாண்டியதும் அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிதான்.

• காவல்துறை அதிகாரி கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் துப்பாக்கியைப் பறிமுதல் செய்ய அவருக்கு அதிகாரம் உண்டு.

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால், காவல்துறை கேட்டுக்கொள்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, தேர்தல் முடிந்த பிறகு திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

குளிரில் என்ன பிரச்சினை வரும்?

சியாச்சின், லடாக் போன்ற இடங்களில் துப்பாக்கியில் போடும் எண்ணெயே கெட்டியாகிவிடும். கல்வராயன் மலை, ஏற்காடு, கொடைக்கானல், ஊட்டி போன்ற இடங்களில் அந்த அளவுக்குப் போகாது. இங்கே வில்லன் ஈரம்தான்.

ஸ்வெட்டரும் ஜெர்கினும்: குளிருக்கு மேலே போடும் ஜெர்கின் ரிவால்வரை மறைத்துவிடும் என்பதால் சட்டப்படி வசதிதான். ஆனால் ஜெர்கினின் இழுகயிறு, ஸ்வெட்டரின் ஓரம், மஃப்ளர் நுனி போன்றவை ரிவால்வரை உறைக்குள் திரும்பச் செருகும்போது விசையில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அப்படி மாட்டினால் குண்டு பாய்வது சொந்தத் தொடையில்தான். பெரும்பாலான ரிவால்வர்களில் தனியாகப் பூட்டு விசை கிடையாது என்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். உறை, விசைப் பகுதியை முழுவதும் மூடும்படி இருப்பது நல்லது. துணியை ஒதுக்கி, உறையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக வைக்க வேண்டும்.

கையுறை: தடிமனான கம்பளிக் கையுறையோடு துப்பாக்கியைத் தொடவே கூடாது. விசையில் விரல் படுகிறதா என்பதே தெரியாது.

வியர்க்கும் இரும்பு: குளிரில் கிடந்த ரிவால்வரை அடுப்பு எரியும் கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்தால், ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த பாட்டில் போல அதன் மேல் நீர் கோத்துக்கொள்ளும். உள்ளேயும் கோக்கும். துடைக்காமல் விட்டால் துரு பிடிக்கும். தோட்டாக்களை வெளியே எடுத்துவிட்டு, உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூச வேண்டும்.

தோல் உறை: தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பனியில் நனைந்த தோல் உறைக்குள்ளேயே ரிவால்வரை நாள்கணக்கில் வைத்தால் துரு நிச்சயம். வீட்டுக்கு வந்ததும் உறை வேறு, துப்பாக்கி வேறு, தோட்டா வேறு என்று பிரித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைப்பதே சரி.

நாட்டுத் துப்பாக்கிக்குப் பனி ஏன் இன்னும் ஆபத்து?

ரிவால்வர் தோட்டாவில் மருந்து உலோகக் கூட்டுக்குள் இறுக்கமாக மூடப்பட்டிருக்கும். நாட்டுத் துப்பாக்கியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. கரிமருந்து ஈரத்தில் நமத்துவிடும். சுட்ட பிறகு குழாயில் ஒட்டியிருக்கும் கசடும் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து, இரும்பை அரிக்கும்.

நமத்த மருந்து இரண்டு விதமாக ஏமாற்றும். ஒன்று, வெடிக்கவே வெடிக்காது. மற்றொன்று, உடனே வெடிக்காமல் சில நொடிகள் கழித்து வெடிக்கும். 'என்னாச்சு?' என்று குழாயைத் திருப்பிப் பார்க்கும் நேரத்தில் வெடித்தால் அவ்வளவுதான். எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும், விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் ஆள் இல்லாத திசையை நோக்கிப் பிடித்தபடி குறைந்தது ஒரு நிமிடமாவது அசையாமல் காத்திருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. குழாயில் மண்ணோ தண்ணீரோ அடைத்திருக்கும்போது சுட்டால் குழாயே பிளந்துவிடும்.

இவை எல்லாவற்றையும் விட மோசமானது, ஆள் அடையாளம் தெரியாமல் சுடுவது. பனி மூட்டத்தில் பத்தடி தள்ளி நிற்பதே மங்கலாகத்தான் தெரியும். கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பரண் ஓரம் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும், புதரை விலக்கும் பன்றிக்கும் இருட்டில் வித்தியாசம் தெரியாது. சலசலப்பு கேட்ட திசையில் சுட்டு, அங்கே சொந்த ஊர்க்காரரே விழுந்து கிடப்பது தமிழக மலைக் கிராமங்களில் நடக்காத விஷயம் இல்லை.

அப்படி ஒரு உயிர் போனால், 'தெரியாமல் நடந்துவிட்டது' என்றாலும் வழக்கு உண்டு. அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாக பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவின் கீழ் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். சூழ்நிலையைப் பொறுத்து இதைவிடக் கடுமையான பிரிவுகளும் வரலாம். ஆயுதச் சட்ட வழக்கு தனி. ஒரே இரவில் ஒரு குடும்பம் ஆளை இழக்கிறது, இன்னொரு குடும்பம் ஜெயில் வாசலில் நிற்கிறது.

அடிபட்டவரைக் காப்பாற்றவும் நேரம் பிடிக்கும். மலையில் இருந்து கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்கு வளைவுச் சாலையில் இறங்க வேண்டும். பனி இருந்தால் வண்டி இன்னும் மெதுவாகத்தான் போகும். உயர் நீதிமன்றம் கேட்ட சாலை, மருத்துவ வசதிக் கேள்விகள் இங்கேதான் வந்து முட்டுகின்றன. வழக்குக்குப் பயந்து அடிபட்டவரை வீட்டிலேயே வைத்திருப்பது உயிருக்கே உலை வைக்கும். சுத்தமான துணியால் ரத்தம் வரும் இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். உள்ளே இருக்கும் குண்டை நோண்டி எடுக்க முயலக் கூடாது.

வீட்டில் பழைய துப்பாக்கி இருக்கிறது.. என்ன செய்வது?

மலைக் கிராமங்களில் போலீசார் அவ்வப்போது விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தி, 'தாமாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை' என்று கெடு வைத்து அறிவிப்பது வழக்கம். அதன் பிறகு காட்டோரத்திலும் கோயில் பக்கத்திலும் கேட்பாரற்றுத் துப்பாக்கிகள் கிடந்ததாகச் செய்தி வரும். பயம்தான் காரணம். நேரில் கொடுத்தால் பிடித்து வைத்துக்கொள்வார்களோ என்று இரவோடு இரவாகப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இப்படிப் போடுவது ஆபத்து. மருந்து கெட்டித்த நிலையில் இருக்கும் துப்பாக்கியை ஆடு மேய்க்கப் போகும் பிள்ளை எடுத்தால் என்ன ஆகும்?

சரியான வழிமுறை:

• 'வழக்கு இல்லை' என்பது காவல்துறை அந்தக் காலகட்டத்துக்குத் தரும் வாக்குறுதி. ஆயுதச் சட்டத்தில் எழுதப்பட்ட உரிமை அல்ல. எனவே அறிவிப்பு நடப்பில் இருக்கிறதா, கெடு எப்போது முடிகிறது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

• தனியாகப் போகாமல் ஊர்ப் பெரியவர், ஊராட்சித் தலைவர், வி.ஏ.ஓ. அல்லது வக்கீல் ஒருவரோடு காவல் நிலையம் போவது நல்லது. கல்வராயன் மலையில் கரியாலூரில் காவல் நிலையம் இருக்கிறது.

• துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. வழியில் ரோந்து போலீசார் பிடித்தால் 'ஒப்படைக்கத்தான் போனேன்' என்பதை நிரூபிப்பது கஷ்டம். முதலில் தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் சொல்லும் முறையில் ஒப்படைக்க வேண்டும். மருந்து உள்ளே இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் தொடவே வேண்டாம். போலீசாரை வரச் சொல்லலாம்.

• ஒப்படைத்ததற்கு எழுத்துப்பூர்வமாக ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.

• லைசென்ஸ் வைத்திருந்த அப்பாவோ தாத்தாவோ இறந்துவிட்டால், அந்த லைசென்ஸ் குடும்பத்துக்குத் தானாக வராது. துப்பாக்கியைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். லைசென்ஸ் காலாவதி ஆனாலும் இதே நடைமுறைதான்.

ஏற்கெனவே வழக்கில் சிக்கியவர்களுக்கு வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் கவலைப்பட வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழு சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பட்டியல் பழங்குடியினருக்கும் பட்டியல் சாதியினருக்கும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. இதற்கு வருமான வரம்பு கிடையாது. உதவி எண் 15100.

சுருக்கமாகச் சொன்னால்..

• லைசென்ஸ், உறை, கட்டுப்பாடு. வெளியே போகும் துப்பாக்கிக்கு மூன்றும் வேண்டும்.

• லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியைச் சும்மா வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு சிறை.

• பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் கேட்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அது வேட்டைக்கு அனுமதி அல்ல.

• பனிக்காலத்தில் ரிவால்வருக்கு ஈரமும் ஜெர்கினும் எதிரி. நாட்டுத் துப்பாக்கிக்கு நமத்த மருந்தும் மூட்டமும் எதிரி.

• பழைய துப்பாக்கியைக் காட்டில் வீச வேண்டாம். தகவல் சொல்லி, ரசீது வாங்கி, ஒப்படைக்க வேண்டும்.

மரவள்ளியைக் காக்கத்தான் மலை விவசாயி இரவில் பனியில் உட்காருகிறார். அந்தக் காவலில் பன்றி தப்பித்தால் போவது ஒரு பாத்தி கிழங்கு. கள்ளத் துப்பாக்கி தப்பாக வெடித்தால் போவது ஓர் உயிரும் இரண்டு குடும்பமும். சேதத்துக்கு நிவாரணமும் லைசென்ஸும் மலையை விட்டு இறங்காமலே கிடைக்கும் நிலை வந்தால், அந்தத் துப்பாக்கியைத் தோளில் மாட்டும் தேவையும் குறையும்.